சாமி மேடையில் மீன் மோட்டார்

என் வாழ்க்கையில் பாதியில் விடாத காரியம் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால், விரல் நீளமுள்ள ஒரு மஞ்சள் மீனைத்தான் காட்ட வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் பாதி. ஆர்மோனியம் இரண்டு ராகத்தோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. கராத்தேயில் மஞ்சள் பட்டை வரைக்கும் போனேன். அந்தப் பட்டை பிறகு கொசுவலை கட்டப் பயன்பட்டது. சுருக்கெழுத்து படித்தேன், எழுதியதை என்னாலேயே திரும்பப் படிக்க முடியவில்லை. இவ்வளவும் என் மனைவிக்கு மனப்பாடம். விருந்தாளிகள் வந்தால் வரிசை மாறாமல் ஒப்பிப்பாள்.

எண்பதுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில், ரயில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஓர் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் குடியிருந்தோம். நான், மனைவி, மனைவியின் அம்மா. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் குமாஸ்தா. மனிதர்கள் எப்போது சாவார்கள் என்று அட்டவணை வைத்திருந்த இடம் அது. மனைவி வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அத்தை கேரித் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால்மரமும் செம்பனையும் பார்த்து வளர்ந்தவர்; மாமா போன பிறகு கிள்ளானில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்து, மருமகளோடு ஒத்துவராமல் எங்களிடம் வந்துவிட்டார். மகள் வீட்டில் தங்குகிற தாய், மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது என்று நம் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அத்தை அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். நான் சாம்பார் வைத்த ஒரே நாளில்கூட, "நல்லா இருக்கு மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவிவைத்துவிட்டு, கடையில் போய் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டவர்.

மீன் ஆசை எனக்குப் பல் வைத்தியரிடமிருந்து தொற்றியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவன், அவருடைய வரவேற்பறையில் இருந்த கடல் மீன் தொட்டிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீலமும் சிவப்புமாய் அழகான மீன்கள் நிறைய நீந்தின. என் கண்ணில் பட்டது அவையல்ல. அடியில், மணலில் ஒரு பொந்து. பொந்தின் வாயில் ஒரு மஞ்சள் மீன் கைகட்டி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. தடித்த உதடு, முறைத்த கண், முகத்தில் பரம அலுப்பு. அரசாங்க அலுவலக கவுண்டரில், 'மதிய உணவுக்குப் பிறகு வாருங்கள்' என்று சொல்கிற முகம். அலுவலகத்தில் என் முகம் அதுதான் என்று சக ஊழியர்கள் சொல்லியிருக்கிறார்கள். பல் போன வலியோடும் அந்த மீனின் நினைவோடும் வீட்டுக்கு வந்தேன்.

அம்பாங்கில் ஒரு சீனத் தவ்கே, கடை முதலாளி, கடல் மீன் விற்றார். மலாயும் ஆங்கிலமும் கலந்து, ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வும் சேர்த்து அவர் பேசியதை என் காது தமிழில்தான் சேமித்துவைத்திருக்கிறது.

"இது கோபி மீன் லா, பாஸ். பாக்க முரடு மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள ரொம்ப டெலிகேட்."

நம் பக்கத்து உளுவையின் வசதியான சொந்தக்காரன் அது என்று பிறகு தெரிந்தது. கிள்ளான் ஆற்றுச் சேற்றில் கண்ணை உருட்டிக்கொண்டு குதிக்கிற உளுவையின் பங்காளி. அத்தையிடம் இதைச் சொன்னது என் தவறு.

"உளுவையா? எங்க தோட்டத்துக் கால்வாயில ஆயிரம் கெடக்கும் மாப்பிள்ள. கல்ல விட்டு அடிப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டம் நினைவுக்கு வந்து, "ஆனா இது நல்ல கலரு," என்று சேர்த்துக்கொண்டார்.

விலையைக் கேட்டார். அதை என் மனைவிக்கே நான் இன்னும் சொன்னதில்லை.

தவ்கே விதிமுறைகள் தந்தார். சமையல் உப்பைத் தண்ணீரில் கலக்கக் கூடாது. அதற்கென்று தனியாக உப்புப் பொட்டலம் இருக்கிறது. அடியில் மெல்லிய மணல் வேண்டும், பொந்து கட்ட. கூட முரட்டு மீன் போடக் கூடாது, இது சண்டை போடாது, பொந்துக்குள் போய்ப் பட்டினி கிடந்தே செத்துவிடும். தூவுகிற தீனியைத் தொடாது, பெலாச்சான் என்கிற இறால் விழுதுக்குப் போடுகிற பொடி ராலை வாய்க்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசியாக, தண்ணீருக்குள் காற்று அனுப்புகிற மோட்டாரை எப்போதும் தொட்டியைவிட உயரத்தில் வைக்க வேண்டும். "கரண்டு போனா தண்ணி குழாய் வழியா ஏறி மோட்டாருக்குள்ள போயிடும். மோட்டார் காலி. மீனும் காலி."

எங்கள் கூடத்தில் தொட்டியைவிட உயரமாக இருந்தது ஒன்றே ஒன்று: சுவரில் அடித்திருந்த சாமி மேடை. இரண்டு படி வைத்த பலகை. மேல்படியில் சாமி படங்கள், சிவப்பு மின்விளக்கு. கீழ்ப்படியில் எண்ணெய்ப் புட்டி, தீப்பெட்டி, கற்பூர டப்பா. அதில் கற்பூர டப்பாவை ஓரமாகத் தள்ளி, ஜப்பான் மோட்டாரை உட்காரவைத்தேன். சாமி விளக்கின் பிளக் பக்கத்திலேயே இருந்ததால் மின்சாரத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

அத்தை வந்து பார்த்தார்.

"அங்கயா மாப்பிள்ள?"

"அங்கதான் அத்தை உயரம் இருக்கு."

"சரி."

அந்தச் சரியை நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் மீன் ஒரு வாரம் இருந்தது. உளுவை குலத்துக்குத் தாவும் புத்தி உண்டு என்று தவ்கே சொன்னதால் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டிருந்தேன். குழாய் போக இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தேன். மூன்றடித் தொட்டியில் அந்த இரண்டு விரல் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே போய்விட்டது. மறுநாள் சோபாவுக்கு அடியில் பெருக்கிய அத்தை, துடைப்ப நுனியில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். "மாப்பிள்ள, இது உங்களுதா, இல்ல நேத்து கருவாட்டுக் கொழம்புல விழுந்ததா?"

இடைவெளியில் பஞ்சு அடைத்துவிட்டு இரண்டாவதை வாங்கினேன். அது மூன்று வாரம் இருந்து ஒரு சனிக்கிழமை காலையில் செத்துக் கிடந்தது. காரணம் தெரியவில்லை.

மூன்றாவதை வாங்கப் போகும்போது மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தையல் மெஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஒரே இடத்தைத் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது.

"இதான் கடைசி. இதுவும் செத்துச்சுன்னா தொட்டிய வித்துடணும். அந்த எடத்துல என் மெஷினு."

"சாகாது."

"ஆர்மோனியம் வாங்குறப்பவும் இதே மூஞ்சிய வச்சிக்கிட்டுதான் சொன்னீங்க."

ஆக, மீனின் உயிர் போனால் தொட்டி போகும். தொட்டி போனால் விருந்தாளிகளுக்கு ஒப்பிக்கிற வரிசையில் இன்னொன்று சேரும். நாற்பது வயதை நெருங்குகிற ஒருவனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மூன்றாவது மீனை நான் கவனித்த அளவுக்கு என்னை யாரும் கவனித்ததில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் அதற்குத் தீனி. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரில் பொடி ராலை உறிஞ்சி, கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, பொந்தின் வாசலில் மெதுவாக விடுவேன். முதல் பத்து நாள் உள்ளேயே இருந்தது. பதினோராம் நாள் தலையை நீட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு, 'சரி, வைத்துவிட்டுப் போ' என்கிற மாதிரி பார்த்தது. அன்றைக்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். கிடைக்கவில்லை, அது வேறு கதை.

அதற்கப்புறம்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. வாரம் முழுக்க நன்றாக இருக்கும். சனிக்கிழமை காலையில் பார்த்தால் பொந்தை விட்டு வெளியே வந்து, மணலில் சாய்ந்து படுத்து, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். பாதித் தண்ணீரை மாற்றுவேன். ஞாயிறு தேறும், திங்கள் சாப்பிடும், அடுத்த சனிக்கிழமை மறுபடி படுக்கும். ரயில் அதிர்ச்சி என்று நினைத்தேன். ரயில் தினமும்தான் போனது. குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தேன். தவ்கேக்குப் போன் போட்டேன்.

"சனிக்கிழமை மட்டுமா? மீனுக்கு காலண்டர் தெரியாது லா, பாஸ்."

அத்தையிடம் ஒருநாள் வாய் தவறிப் புலம்பிவிட்டேன். அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"சனிக்கிழமைன்னா வேற யாரு? சனியன்தான். கண்ணும் பட்டிருக்கு. வரவங்க போறவங்க எல்லாம் பாக்குறாங்கல்ல."

"மீனுக்குமா அத்தை?"

"உசுரு எல்லாம் ஒண்ணுதானே. நீங்க விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டதிலிருந்து மீனின் நிலைமை மோசமானது. சனிக்கிழமையோடு புதன்கிழமையும் படுக்க ஆரம்பித்தது. உடம்பின் மஞ்சள் வெளிறி, பழைய பத்திரிகைக் காகித நிறத்துக்கு வந்துவிட்டது. பொடி ராலைப் பொந்து வாசலில் விட்டால் அதன் மூக்கின் மேலேயே விழுந்து கிடந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்காது என்று எனக்கே தெரிந்தது. மனைவி ஜன்னலோரச் சுவரை அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். வெள்ளி மாலை என்றால் நான் எட்டு மணிவரை டீக்கடையில் உலக அரசியலைத் திருத்திக்கொண்டிருப்பவன். அன்று கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டதால் உலகம் திருந்தாமல் போயிற்று. கதவைத் திறந்தால் கூடம் முழுக்க சாம்பிராணிப் புகை. மனைவி தும்மல் தாங்காமல் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அத்தை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் முடிச்சுப் போட்டு, தூபக்காலைக் கையில் ஏந்தி, சாமிக்குக் காட்டி முடித்துவிட்டு என் மீன் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று.

நான் பார்த்தது அந்தச் சுற்றை அல்ல. சாமி மேடையின் கீழ்ப்படியில் புகை நேராக மேலே போகாமல், ஒரு நூலாக வளைந்து, மோட்டாரின் அடியில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டிக்குள் குமிழிகள் எழுந்தன. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து உடையும்போது துளியூண்டு புகை விட்டது. ஒரு சுல்தானின் ஹூக்காவை நான் வீட்டில் வைத்து நடத்திக்கொண்டிருந்தேன். அதன் தண்ணீருக்குள் என் மீன்.

அடுத்த நொடி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியது இரண்டு பிளக்கையும். மோட்டார் நின்றது. சாமி விளக்கும் அணைந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், பூசை நடுவில்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"உங்க சாம்பிராணிதான் அத்தை என் மீனக் கொல்லுது."

அத்தை அணைந்த விளக்கைப் பார்த்தார். தூபக்காலைத் தரையில் வைத்தார். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறிவிட்டார், ஒத்துவராத அந்த மருமகள் வீட்டுக்கே.

மீனை நான் காப்பாற்றினேன். மோட்டாரைக் கழுவிப் புகைப் பிசினை எடுத்து, அலமாரி மேல் வைத்து, நீளக் குழாய் போட்டேன். மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை காலை அது பொந்தின் வாசலில் பழையபடி அலுப்போடு உட்கார்ந்து என்னை முறைத்தது. வெற்றியைச் சொல்ல மனைவியைத் தேடிப் போனேன். அவள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மீன் பொழச்சிடுச்சு."

"சந்தோஷம். எங்கம்மாவ யாரு பொழைக்க வைக்கிறது? அங்க அண்ணி கைல ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

"நான் வேணும்னா போன் பண்ணி..."

"போன்லயா விளக்க அணைச்சீங்க? போய்க் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா, மீன் உசுரோட இருந்தாலும் சரி, தொட்டிய எடுத்துடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயாரித்தேன். அதில் காற்றோட்டம், பிராணவாயு, பிசின் துகள் எல்லாம் வந்தன. நடுவில் ஒரு குறளைக்கூடச் செருகியிருந்தேன்.

அத்தை மைத்துனர் வீட்டுப் பின்கட்டில் முறத்தில் நெத்திலியைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு மீனின் உயிருக்கு மன்றாட வந்தவன் உட்கார ஏற்ற இடமில்லை. உட்கார்ந்தேன்.

"வாங்க மாப்பிள்ள. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

ஐந்தாறு தலை போயிற்று.

"மீனு இருக்கா?"

பஸ்ஸில் தயாரித்த பேச்சில் இந்தக் கேள்வி இல்லை. செத்துவிட்டது என்று சொன்னால் அவர் மேல் பழி இல்லை, சமாதானமாக வந்துவிடுவார்; ஆனால் வீட்டுக்கு வந்தால் அது முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இருக்கிறது என்றால், குற்றவாளி யார் என்று நானே தீர்ப்பு எழுதுகிற மாதிரி.

"இருக்கு."

"சனிக்கிழம?"

"சனிக்கிழமையும் நல்லா இருந்துச்சு."

இன்னொரு தலை. "அப்ப நாந்தான்."

குறள் மறந்துபோயிற்று. வேறு எதுவும் கையில் இல்லாததால் உண்மையைச் சொன்னேன்.

"மோட்டார அங்க வச்சது நான், அத்தை. சாமி மேடையில அத வச்சிருக்கவே கூடாது."

கிள்ளுகிற கை நின்றது. அத்தை நிமிர்ந்து, மகளை எனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"இத இப்ப சொல்றீங்க. நாலு மாசம் மாப்பிள்ள. நான் கண்ண மூடுனா முருகான்னு வராது. அந்த மோட்டாரு மாதிரி கொர்ர்ருன்னுதான் வரும். தூக்கத்துலகூட கொர்ர்ருதான்."

"சொல்லியிருக்கலாமே அத்தை."

"எப்படிச் சொல்றது? மாப்பிள்ள வீடு. அங்கயான்னு கேட்டேன், ஒயரம் இருக்குன்னீங்க. அதுக்கு மேல நான் என்ன பேச?" ஒரு நெத்திலியை மறுபடி எடுத்துக்கொண்டு, "உங்க மீனுக்குத்தான் மூணு சுத்து கூட சுத்துனேன். செவ்வாக்கெழமையும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே போட்டேன், சீக்கிரம் தேறட்டும்னு."

"தெரியும்."

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, சாம்பிராணி ஆவாதுன்னு சொல்லியிருந்தா, வேணாம்னு விட்டிருப்பேன்ல."

"மொதல்லயே தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் அத்தை. பயம்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான்," என்று முறத்தை என் பக்கம் தள்ளினார். "சும்மா ஒக்காராதீங்க. கிள்ளுங்க. முடிச்சிட்டுக் கெளம்பலாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் பேச்சுவார்த்தை நடந்தது. மாப்பிள்ளைச் சட்டம் கிள்ளான் எல்லையிலேயே காலாவதியாகிவிட்டது என்று புரிந்தது.

"சாம்பிராணிய நிறுத்த முடியாது."

"வேணாம் அத்தை."

"வீடு பூரா காட்டுவேன். கக்கூஸ் வரைக்கும்."

"காட்டுங்க. மோட்டார் இப்ப அலமாரி மேல. ஆனா பொக அங்கயும் வரும். அந்த நேரம் மட்டும் மோட்டார நிறுத்திட்டு, பொக போனதும் போட்டுட்டா போதும். அர மணி நேரம் மீன் தாங்கும்."

"நல்லது. யாரு நிறுத்துறது? ஈரக் கையோட நான் சுவிச்சத் தொடமாட்டேன். மகளும் தும்மிக்கிட்டு உள்ள போயிடும்." ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்கதான் நிக்கணும்."

நின்றேன். அந்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, அந்த மீன் உயிரோடு இருந்த ஐந்து வருடத்து வெள்ளி அத்தனையும். டீக்கடை போயிற்று. குளிக்காமல் சாமிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அத்தை சொன்னதால் மாலை ஆறு மணிக்கே குளியல். நெற்றியில் விபூதி இல்லாமல் நிற்பது அவமரியாதை என்பதால் விபூதி. அத்தை அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் காட்டி, பழைய பாடல்களை ஒரு அடி விடாமல் பாடி, வீட்டைச் சுற்றி வருவார். புகை அடங்குகிறவரைக்கும் நான் சுவிட்சில் ஒரு விரலை வைத்தபடி, கண்ணைத் தொட்டியில் வைத்தபடி அசையாமல் நிற்பேன். வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் வருடம் பக்கத்துக் கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளி தவறாமல் வீட்டில் நிற்கிற என் பக்தியைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம். செயலாளர் பதவி காலியாக இருக்கிறது, ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். கூட்டம் எப்போது என்று கேட்டேன். வெள்ளி மாலை ஏழு மணிக்கு என்றார்கள்.

"முடியாதுங்க. அந்த நேரம் வீட்டுல நிக்கணும்," என்றேன்.

மூத்தவர் எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.